ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தைத் திறப்பது

நோர்வேயில், நன்றாக ஓடும் காரைக் கொண்டு வரும்படி வாகனம் திருத்தும் கராச்சிலிருந்து குறுஞ்செய்தி வரும். பழுதில்லாத காரை எதற்குக் கேட்கிறார்கள் என்று இரண்டு தடவை நான் போகவில்லை. மூன்றாம் தடவை போனபோது, அங்கு வேலை செய்யும் பெண், "ஏதாவது சத்தம் கேட்கிறதா?" என்றாள். இல்லை என்றேன், பெருமையாகவே. அவள் காரின் முன் சில்லைக் கழற்றி, நகத்தின் தடிப்புக்குத் தேய்ந்துபோயிருந்த பிரேக் கட்டையைக் காட்டினாள். மூன்று வயது மகளைப் பின்னால் இருத்திக்கொண்டு, பனி உறைந்த இறக்கத்தில் தினமும் அந்தக் காரில்தான் இறங்கியிருக்கிறேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

இலங்கையில், விசுவமடுவில், அப்பாவிடம் ஒரு வான் இருக்கிறது. யுத்தத்தின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு நட்டு வாங்கவும் வழியிருக்கவில்லை. கழற்றியதைத் திரும்பப் பூட்ட முடியாவிட்டால் வாகனம் மரத்தடியில் கிடக்கும். ஓடுவதைத் திறக்கக் கூடாது, காதால் கேட்டுக் கேட்டே ஓட்ட வேண்டும் என்பது அன்றிலிருந்து அவர் பழக்கம். அந்தக் காதோடுதான் நானும் விமானம் ஏறினேன்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். வவுனியாவுக்குப் புறப்பட்ட காலை, மகளை அப்பாவின் வானில் ஏற்றாமல் நின்றேன்.

"அப்பா, பிரேக் எப்ப கழட்டிப் பாத்தது?"

"ஒரு சத்தமும் இல்லையே பிள்ளை. சுகமா இருக்கிறவனைப் பிடிச்சு வயித்தைக் கிழிக்கிறதே?"

"சுகமா இருக்கிற பிள்ளைக்குத்தானே அப்பா தடுப்பூசி போடுறது?"

"ஓ, நோர்வேக்காரி கதைக்கிறா!"

சிரித்தார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போன கைகளை நம்பாமல் பேசிவிட்டேனோ? மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, இருவரும் பக்கத்துக் கராச்சுக்கு மெதுவாகப் போனோம்.

சில்லைக் கழற்றும்போதே ஒரு போல்ட் முறிந்தது.

"சொன்னனான்" என்றார் அப்பா.

ஓடிய வானை நான்தான் முடமாக்கிவிட்டேன். மெக்கானிக் உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் நனைந்திருந்தது. பிரேக் ஒயில் கசிந்துகொண்டிருந்தது.

"ஐயா, இதோடையோ குடும்பத்தையும் ஏத்திக்கொண்டு வவுனியாவுக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

அப்பா முறிந்த போல்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது நோர்வேயில், நிறுத்தியிருக்கும் காருக்குள் இருந்து அடுத்த சேர்விஸுக்குத் தொலைபேசியில் பதிவு செய்கிறேன். ஏதாவது சத்தம் உண்டா, இல்லையா என்று படிவம் கேட்கிறது. மகளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினை இயக்கிக் கேட்கிறேன். அப்பாவிடமிருந்து வந்த காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தை அழுத்த விரல் வரவில்லை.