குரலை அமுக்காத வாத்தியம்

என் அண்ணி ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். என்னைவிட வயதில் சின்னவள், பிடிவாதத்தில் பெரியவள். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபிறகு குரல் நூலாகிவிட்டது. டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள். அதற்குக்கூட அவள் அழவில்லை. பாட முடியாமல் போனதற்குத்தான் அழுதாள். வீட்டிலிருந்த கிட்டாரோடு பாடிப் பார்த்தால், அது அவள் குரலை முழுங்கிவிடும்.

அதனால் பழைய யுகுலேலே ஒன்றைத் தேட ஆரம்பித்தாள். குட்டிக் கிட்டார் மாதிரி இருக்கும்; கைக்குழந்தை நீளம், நாலே தந்தி. கடையில் புதிது குவிந்து கிடக்க இது என்ன வேண்டாத வேலை என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். அந்தக் காலத்துப் பலகை மெல்லியது, லேசாகத் தொட்டாலே பேசும் என்றாள். விடுமுறை நாளெல்லாம் பழைய சாமான் கடைகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாத்தியத்தின் முதுகைத் தட்டிப் பார்ப்பாள். கரகரத்தால் விரிசல் என்று திருப்பி வைத்துவிடுவாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்ப்பாள். வளைந்திருந்தால் அதுவும் வேண்டாம். என் கால் கடுத்ததே தவிர அவள் சளைக்கவில்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. "பெரிய சத்தத்த எதிர்பார்க்காதீங்க. டக்குன்னு எழும்பும், டக்குன்னு அடங்கிடும்," என்றார் கடைக்காரர். அண்ணி முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

என் அண்ணன் தையல் மெஷின் மெக்கானிக். எது இறுகியிருந்தாலும் எண்ணெய் விடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. தந்தியை முறுக்கும் மரக் குமிழ்கள் இறுக்கமாக இருக்கின்றனவே என்று, அவள் வேலைக்குப் போயிருந்தபோது பாசத்தோடு எண்ணெய் விட்டுவிட்டான். அந்த இறுக்கம்தானே தந்தியைப் பிடித்து வைத்திருந்தது! மாலையில் அவள் சுருதி சேர்க்கச் சேர்க்க, தந்தி தளர்ந்துகொண்டே போனது. நான் அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவளோ குமிழ்களைக் கழற்றித் துடைத்து, வழுக்காமலிருக்கச் சாக்பீஸைத் தேய்த்து மாட்டினாள். நழுவியது. மறுபடி கழற்றினாள். பல மாலைகள் இதே கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருதி நின்றது. அண்ணி பாடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து அறையில் மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், அதை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

"சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா. வேற வாங்கலாமா?"

"என் குரல் கேக்குதாங்க?"

"கேக்குது."

"அப்ப இதுவே போதும்," என்று முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.