பத்து மணி ரீடிங்

1. போன் வந்த காலை

"சாந்தி, மீனெல்லாம் மல்லாந்து கெடக்குது. வந்து பாரு."

காலை ஏழு மணிக்கு சரஸ்வதி அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஃபிளாட்டில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். கணவர் இறந்த பிறகு, தாசேக் கெலுகோர் பக்கத்து ஏரியில் வலைக்கூண்டு கட்டி லாம்பாம் மீன் வளர்த்தார். பிழைப்பு அதுதான். கடைசியாகக் குஞ்சு விடுவதற்கு முன் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார். நானும் தண்ணீர் அளக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, தாராளமாக விடுங்கள் என்றேன்.

2. எங்கள் நேரம்

நான் பல்கலைக்கழகத்தில் லேப் அசிஸ்டண்ட். மாதம் ஒருமுறை அந்த ஏரிக்குப் போய்த் தண்ணீரின் சூடு, ஆக்சிஜன் எல்லாம் அளந்து, வலை போட்டு மீன் எண்ணி வருவது என் வேலை. ஏரி என்று பெயர்தான், நடுவில் நின்றாலும் தண்ணீர் என் கழுத்தைத் தாண்டாது.

எட்டு மணிக்கு ஆபீஸ் திறந்தால்தான் வேன் சாவி கிடைக்கும். கடல் பாலம் தாண்டி மறுகரைக்கு வந்ததும் டிரைவர் இஸ்மாயில் அண்ணன் வழக்கமான கடையில் வண்டியை நிறுத்துவார். வெறும் வயிற்றோடு ஏரியில் இறங்கக் கூடாது என்பது அவர் சட்டம். ரொட்டி சானாய், தே தாரிக், ஊர்க்கதை எல்லாம் முடித்து மீட்டரைத் தண்ணீரில் விடும்போது மணி பத்தாகிவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக எல்லா ரீடிங்கும் பத்து மணி ரீடிங். எல்லாம் நல்ல ரீடிங்.

வலையில் வந்த மீன்கள்தான் மாறிக்கொண்டே வந்தன. முதலில் லாம்பாம், தெர்புல் என்று வெள்ளி வெள்ளியாக மாட்டும். பிறகு வெயில் காலம் நீண்டது, தண்ணீர் வற்றியது, பாசி கூடியது. கடைசியில் புயு, செப்பாட், கெலி மட்டும்தான். மூன்றும் மேலே வந்து காற்றை இழுத்துப் பிழைத்துக்கொள்ளும் மீன்கள். தண்ணீரில் மூச்சுக்கு வழியில்லை என்பதை அவை வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கின்றன. நாங்கள் மீன் கணக்கை ஒரு ஃபைலிலும் ஆக்சிஜனை இன்னொரு ஃபைலிலும் போட்டு வைத்தோம்.

3. ஆறு மணி

போன் வந்த மறுநாள் என் சொந்தக் காரில் போனேன். விடிந்தும் விடியாத நேரம். ஏரிக்கரையில் அக்கா செத்த மீன்களைக் குவித்திருந்தார், நாற்றம் அடித்தது. மீட்டரை விட்டேன். எண் இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. கருவி கெட்டுவிட்டதோ என்று மூன்று தடவை கழுவிப் பார்த்தேன். பத்து மணி வரை அங்கேயே இருந்து அளந்தேன். வெயில் ஏற ஏற எண்ணும் ஏறி, எனக்குப் பழக்கமான நல்ல ரீடிங்குக்கு வந்துவிட்டது.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் தங்கும். பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவு முழுக்க அதுவே இழுத்துக்கொள்ளும். விடியும்போதுதான் தண்ணீர் ஆக மோசம். இதை நானே பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அக்காவிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலைக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கூண்டைக் கழற்றிவிட்டு ஜுருவில் மகன் வீட்டுக்குப் போகப் போகிறாராம்.

"ஒன்ன குத்தம் சொல்லல தங்கச்சி. ஆனா இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் வெடிய முன்ன வந்து பாத்திருக்கலாம்லா."

வெகுநாளைக்கு முன் ஒருமுறை, விடியற்காலையில் போய் அளக்கலாமா என்று ஆபீஸில் கேட்டிருந்தேன். ஓவர்டைம் ஃபாரம், டிரைவர் அனுமதி என்று மேலதிகாரி அடுக்கினார். சரி என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், காலைத் தூக்கம் கெடவில்லை என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

இந்த ஏரி ஆய்வை நடத்தும் பல்கலைக்கழக டாக்டர் எங்கள் ரிப்போர்ட்டில் இதற்கென்று ஒரு பக்கம் சேர்த்தார். இப்போது கருவியை ஏரியிலேயே விட்டுவைக்கிறார்கள், இரவும் பகலும் அளக்கிறது. நல்லதுதான். நான் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எண்ணைச் சொல்லும்போது எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'பத்து மணிக்கு நல்லா இருக்குக்கா, மத்த நேரம் எனக்குத் தெரியாது' என்று நான் சொல்லியிருந்தால் போதும். அக்கா அந்தக் குஞ்சுகளை விட்டிருக்க மாட்டார்.