தெர்மகோல் மணிகள்

வேதா அழிரப்பரால் கிராஃபிக்ஸ் கார்டின் தங்கநிறப் பற்களை ஒரே திசையில் தேய்த்தாள். கறுப்பாகத் துகள் உதிர்ந்தது. ஊதினாள். கம்ப்யூட்டரின் பக்கத் தகடு கட்டில்மேல் கிடந்தது. கார்டை அதன் இடுக்கில் வைத்து அழுத்தி, திருகை முடுக்கி, ஸ்விட்சைப் போட்டாள்.

திரை வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே இரண்டு இளஞ்சிவப்பு.

"போலேதா?" என்று கதவருகில் நின்ற ஸ்ரீஜா கேட்டாள். அம்மா தமிழில் பேசினால் மகள் தெலுங்கில் பதில் சொல்லும் வீடு அது.

"போகல."

வேதா மானிட்டர் கேபிளைக் கார்டிலிருந்து உருவி மதர்போர்டின் துளையில் செருகினாள். புள்ளிகள் இல்லை. மானிட்டரும் கேபிளும் சரி. தூசி தட்டியாயிற்று, டிரைவரை அழித்துப் பழையதைப் போட்டாயிற்று. கெட்டது கார்டுதான். படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் அந்த ஒன்று.

அது எப்போது கெட ஆரம்பித்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் இருந்தது. அவள் எடிட்டிங்கில் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு தெலுங்குக் கல்யாண வீடியோ. அதில் தலம்ப்ராலு என்று ஒரு கட்டம். மணமக்கள் மஞ்சள் அரிசியை அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டுவார்கள். இப்போதெல்லாம் அரிசியோடு வண்ண வண்ணமாகத் தெர்மகோல் மணிகளையும் சேர்த்துவிடுகிறார்கள். பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை. மூன்று கேமராக்காரர்கள் எடுத்த அந்தக் கட்டத்தோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தாள். திரையில் எங்கே பார்த்தாலும் மணிகள். அவற்றில் எது மண்டபத்தில் விழுந்தது, எது கார்டில் விழுந்தது என்று பிரிக்கத் தோன்றவில்லை.

ஸ்ரீஜாதான் கேட்டாள். சாப்பிடக் கூப்பிட வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, தலம்ப்ராலு முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் விழுகிறது என்று தெலுங்கில் கேட்டாள். கொடுத்து முடித்த வீடியோவை வேதா மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையில் அப்போது ஓடியது அப்பகிந்தலு. பெண்ணின் அம்மா மகளின் கைகளைப் பிடித்து மாமியாரிடம் ஒப்படைக்கும் இடம். அம்மா அழுதுகொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. முகம் நகர்ந்தது. புள்ளி நகரவில்லை.

வேதா அந்தத் துண்டைத் தன் போனுக்கு அனுப்பிப் பார்த்தாள். புள்ளி திரையில் மட்டும் இருந்தால் போனில் வராது. வந்தது. நிறம் திருத்தும் வேலையெல்லாம் கார்டு வழியாக நடப்பதால் கோளாறு ஃபைலுக்குள்ளேயே போய்விட்டிருந்தது. அந்த ஃபைல் போன வாரமே பெண் வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் வேலை செய்வது ஜேம்ஸின் ஸ்டுடியோவுக்கு. செகந்திராபாதில் கடை, பேகம்பேட்டில் எடிட்டிங் ஆபீஸ். பேகம்பேட் ஆபீஸ் அவன் பார்ட்னருடையது. அங்கே ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து வெட்டுகிறார்கள். பெண் வீட்டார் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, எங்க சித்தப்பாவைக் காணோமே என்று திரையைத் தொட்டுக் காட்டுவார்கள். வேதா மட்டும் சைனிக்புரியில், தன் வீட்டில், இந்த அறையில். பார்ட்னருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும், அந்த அம்மாவையும் இங்கே உட்கார வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஜேம்ஸே அதை அவளிடம் சொன்னான்.

ரெஜிமென்டல் பஜாரில் இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேரோடு வளர்ந்தவள் அவள். அமீர்பேட்டில் மல்டிமீடியா படித்தபோது ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கல்யாணமாகி வந்த வீட்டிலும் கூட்டம்தான். மூடிக்கொள்ளக் கதவுள்ள ஓர் அறை நாற்பது வயதுக்குப் பிறகு கிடைத்தது. அதற்குள் இருந்துகொண்டு மற்றவர்களின் கல்யாணங்களைப் பார்த்தாள். பஸ்ஸில் சில சமயம் அவள் வெட்டிய வீடியோவில் இருந்த யாராவது ஏறுவார்கள். அந்த மனிதர் தங்கை கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் போய் எப்படி அழுதார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு அவளைத் தெரியாது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கார்டின் நினைவக வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். புள்ளிகள் குறைந்தன. கால் மணி நேரத்தில் இரண்டே இரண்டு வந்தன. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. நிறைய விழுந்தபோதே கண்ணில் படவில்லை. இரண்டு விழுந்தால்?

கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் பார்க்லேனுக்குப் பஸ் ஏறினாள்.

கடையில் இருந்த வினய் கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவன். அவன் தமிழில் பாதி தமிழ் இல்லை. கார்டை மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மெமரி போச்சு மேடம். ஹீட் அடிச்சுத் தரவா? ரெண்டு மூணு மாசம் ஓடும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் வாங்க. டீ சொல்றேன்."

"நக்கோ. இனிமே இதை நம்ப முடியாது."

அவன் ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். இருப்பதிலேயே விலை குறைந்தது, எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்கள் என்றான்.

"என்கோடர் இருக்கா இதுல? முடிச்ச வீடியோவை ஃபைலா மாத்தித் தருமே, அது."

வினய் போனில் தேடினான். "இல்லை மேடம். இது கேம் ஆடறதுக்கு."

"அப்ப கைக்கு காட்டறீங்க?" ஏன் என்பதற்கு அவள் வாயிலும் அந்த ஊர் உருதுதான் வந்தது.

"நீங்க கேமுக்குன்னு நினைச்சேன்."

"என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?"

"இப்ப யாரைப் பாத்தும் ஒண்ணும் சொல்ல முடியறதில்லை மேடம்."

அடுத்து மூன்று விசிறி வைத்த பெரிய கார்டு. பளபளவென்று துடைத்திருந்தது. புதிதில் இரண்டு மடங்கு விலை, பழையது என்பதால் இந்த விலைக்கு வருகிறது.

"எங்கேருந்து வந்தது?"

"பொய் சொல்லல. பிட்காயின் மாதிரி காயின் மைனிங்ல ஓடினது."

"ராத்திரி பகலா."

"ஹவ், ஆமா. நாமளும்தானே ஓடறோம்."

அவள் சிரித்தாள். ஆனால் ஓடியதை அல்ல, ஓடியது தெரியாமல் துடைத்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குத் தனியாக மின்சார வயர் வேறு வேண்டும். அவள் பவர் சப்ளையில் அந்த வயர் இல்லை. அதையும் மாற்ற வேண்டிவரும்.

மூன்றாவது ஒற்றை விசிறிக் கார்டு. சின்னது. இடுக்கிலிருந்து வரும் மின்சாரமே போதும். என்கோடர் உண்டு, மூன்று வருட வாரன்டி உண்டு. வேகம் சுமார்.

"கேம் சரியா ஓடாது" என்றான் வினய். "வீட்டுல பசங்க இருந்தா திட்டுவாங்க."

"திட்டட்டும். பில் போடுங்க."

பஸ் ஸ்டாப்பில் நின்று ஜேம்ஸைக் கூப்பிட்டாள். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, நானே பண்ணணும்னு இருந்தேன். அந்த வீட்டுல ஃபுல் குஷி. அப்பகிந்தலுலகூடப் பூ விழற மாதிரி போட்டிருக்காங்களே, யார் எடிட்டர்னு பொண்ணோட மாமா கேக்கறாரு. அடுத்த கல்யாணத்துக்கும் அதே எஃபெக்ட் போடுங்க."

"அது எஃபெக்ட் இல்ல ஜேம்ஸ். கார்டு கெட்டுப்போச்சு."

அவன் பக்கத்தில் ஏதோ ஆட்டோ ஹார்ன் அடித்தது.

"வேற யாருகிட்ட சொன்னீங்க?"

"உங்ககிட்டதான்."

"அப்ப விடுங்கக்கா. அவங்க கேக்கல, நீங்க கைக்கு சொல்றீங்க?"

"அந்தம்மா முகத்துல பச்சையா ஒரு புள்ளி. அழறாங்க, அது அப்படியே நிக்குது."

"அவங்களுக்கு அது பூ. உங்களுக்குத்தான் புள்ளி."

அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் எல்லாரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அந்த அம்மாவும் தன்மேல் பூ விழுவதைப் பார்த்திருப்பாள். அவள் அழுததை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள் தான் ஒருத்திதான். தானே பார்க்கத் தவறியதை வேறு யார் பார்த்துவிடப்போகிறார்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தால், இனி ஒவ்வொரு முகத்திலும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

"வேற ஃபைல் தரேன். கொண்டுபோய் மாத்திக் கொடுங்க."

"மாத்தினா ஏன்னு கேப்பாங்க. பார்ட்னர் வரைக்கும் போகும். அவரு என்ன சொல்வாருன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"பேகம்பேட் வருவீங்களா அப்ப?"

"தெரியல. ஃபைலை நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க."

"உங்க கூட முடியாதுக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் புதுக் கார்டை மாட்டினாள். முழு வீடியோவையும் மறுபடி ஃபைலாக மாற்றினாள். பழைய கார்டைவிட அதிக நேரம் எடுத்தது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். இடையில் எழுந்து குக்கரை மட்டும் அணைத்தாள். புள்ளி எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு இடங்களில் நிறுத்தி, போனிலும் பார்த்தாள். ஸ்ரீஜா ஒரு கேமைப் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்லோ என்றாள். நான்கு மணிக்கு ஜேம்ஸ் வந்து பென்டிரைவை வாங்கிக்கொண்டான். ஐந்தரைக்குப் போன் செய்தான். ஏன் மாற்றினீர்கள் என்று பெண்ணின் மாமா கேட்டார், கார்டு கெட்டதைச் சொல்லிவிட்டேன் என்றான். அவர் இரண்டு ஃபைலையும் வைத்துக்கொண்டார். பார்ட்னருக்கும் தெரிந்துவிட்டது. வேதா திங்கட்கிழமையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பேகம்பேட்டுக்கு வர வேண்டும், மற்ற நாள் வீட்டில் செய்யலாம். அவள் பஸ் நம்பரைக் கேட்டாள். அவன் சொன்னான். இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளிச் சாதம் செய்தாள்.