குடோனில் கண் திறந்த மாதா

குடோன் தரையில் நான் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தேன். வடக்குச் சுவரோரம் சினிமா பேனர் எழுதுகிறவருக்கு. வாசல் பக்கம் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவருக்கு. ஜன்னலடியில், கருப்பு வெள்ளைப் போட்டோக்களுக்கு வர்ணம் தீட்டுகிறவருக்கு. நடுவில் எல்லாரும் நடக்க ஒரு பாதை. டர்பன்டைன் டின்னை எங்கே வைப்பது, பிரஷ் கழுவும் வாளி எது, பீடி பிடிக்க எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதித் தூணில் மாட்டியிருந்தேன். காலையில் கதவைத் திறந்ததும் அழிந்த கோடுகளை மறுபடி போடுவேன்.

“அண்ணாச்சி கோலம் போட வந்துட்டாவ” என்பார் போர்டுக்காரர். நாசரேத்துக்காரர், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். வாயைத் திறந்தால் கேலிதான்.

அது எங்கள் அப்பா காலத்துக் கருப்பட்டிக் குடோன். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. புதுத் துறைமுகம் வந்த பிறகு லாரிகள் அந்தப் பக்கமாகவே போகத் தொடங்கின. எங்கள் வியாபாரமும் டவுனுக்குள் ஒரு கடையாகச் சுருங்கியது. குடோன் சும்மா கிடந்தபோதுதான் பேனர்க்காரர் வந்து கேட்டார். உயரமான சுவரும் மழை விழாத கூரையும் இருந்தால் போதும் என்றார். அவரைப் பார்த்து மற்ற இருவரும் வந்தார்கள். எனக்கு ஒரு பானை வரையக்கூடத் தெரியாது. ஆனாலும் மூன்று பேர் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் வேலை செய்வதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும், அதை என்னால் செய்து தர முடியும் என்று நினைத்தேன். தரையில் ஊறிய கருப்பட்டிக்கும் பேனருக்குக் காய்ச்சும் வஜ்ஜிரப் பசைக்குமாக எறும்பு வரும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளிக்கொண்டு வந்து ஈர பெயிண்டில் அப்பும். இவற்றுக்கெல்லாம் வழி கண்டுபிடித்திருந்தேன். எறும்புக்கு மஞ்சள்தூள், கச்சானுக்குச் சாக்குப் படுதா.

அப்படி ஒரு கச்சான் நாளில்தான், திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து வேனில் மாதா வந்தார்கள்.

மரத்தில் செய்த சுரூபம். பத்து வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும். பட்டுச்சேலையில் சுற்றி, ஒரு பெண் மடியில் சாய்த்துப் பிடித்தபடியே கொண்டுவந்தாள். கூட இன்னும் சில பெண்கள், ஊர்க் கமிட்டிப் பெரியவர் ஒருவர். அவர்களுடைய ஊரில் வழக்கமாக வர்ணம் பூசுகிறவர் சிங்களத் தீவுப் பக்கம் போனவர் திரும்பவில்லையாம். திருவிழாவுக்குக் கொடியேறுவதற்குள் வேலை முடிய வேண்டும். சேலையை விலக்கினார்கள். எத்தனையோ வருடத்து மெழுகுதிரிப் புகை. முகம் முழுக்க ஒரே கருப்பு. மூக்கு மட்டும் யாரோ தொட்டுத் தொட்டு மினுங்கியது.

பெரியவர் பேனர்க்காரரைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம்.

“புகை அடைஞ்சு மாதா கண்ணே தெரியல பாத்துக்கிடுங்க. வேற எது எப்படி இருந்தாலும் செரி, கண்ண நல்லாத் தெறந்து குடுத்துரணும்.”

பேனர்க்காரரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரர். இளவயதில் கோபுர வேலைக்குப் போய், சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் பூசியவர். கை, கால், நகை, யாளியின் வால் எல்லாம் அவர் பூசியிருக்கிறார். கண்ணை மட்டும் தொட விட மாட்டார்களாம். கடைசி நாளில் பெரிய ஸ்தபதி திரை போட்டு, உள்ளே போய்க் கண் திறந்துவிட்டு வருவார். அந்தத் திரைக்கு வெளியே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு பிழைப்புக்காக பேனருக்கு வந்துவிட்டார். கதாநாயகர்களின் கண்களை ஆளுயரத்துக்கு எழுதினார். “அது கண்ணு இல்ல அண்ணாச்சி, படம்” என்பார்.

இப்போது ஒருவர் அவரிடம் கண் திறந்து கொடுக்கச் சொல்கிறார்.

“அது என் பொறுப்பு” என்றார்.

கூரையில் கண்ணாடி ஓடு பதித்த இடம் நடுப்பாதைக்கு மேலேதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் மாதாவை நிறுத்த முடியும். ஒரு மரப்பெட்டியைப் போட்டு, அதன் மேல் நிறுத்தினோம். அன்றோடு என் கோடுகள் போயின. ஒவ்வொரு நாளும் யாராவது பெண்கள் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். மெழுகுதிரியோடு முழங்கால் போடுவார்கள். டர்பன்டைன் டின்னுக்குப் பக்கத்தில் திரி கொளுத்தாதீர்கள் என்று நான் அட்டையைக் காட்டுவேன். “எங்களுக்குப் படிப்பு கெடயாது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் கொளுத்துவார்கள். நான் மணல் வாளியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்பேன்.

வடக்குச் சுவரில் அப்போது ஒரு நடனக்காரியின் பேனர் பாதி முடிந்திருந்தது. இடுப்புக்கு மேலே துணி கொஞ்சம்தான். மாதாவை மடியில் கொண்டுவந்த பெண் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அந்தப் புள்ளைக்கு ஒரு சேலையக் குடுங்க. மாதா பாக்காவ.”

“மாதாவுக்குத்தான் கண்ணே தெரியலன்னீங்களே” என்றார் போர்டுக்காரர்.

“உமக்கு நாக்குல சனி. நீரு வேதக்காரருதானவே?”

“வேதக்காரன்தான். எங்க கோயில்ல சொவரும் பெஞ்சும்தான் உண்டும். சுரூபம்னு ஒண்ணு கெடயாதுல்லா.”

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். நான் ஒரு படுதாவை எடுத்து நடனக்காரியின் மேல் தொங்கவிட்டேன்.

பேனர்க்காரர் கவிச்சியை விட்டார். பீடியை விட்டார். மாதாவின் அங்கியை நீலமாக்கினார். ஓரத்தில் பொன்வண்ணம் தீட்டினார். கைக்குழந்தையின் கன்னத்தில் சிவப்பு ஏற்றினார். முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். புகையைத் துடைத்து, பழைய வர்ணத்தைச் சுரண்டி, முகத்துக்கு அடிவர்ணம் பூசியபோது கண்கள் இருந்த இடம் வழுவழுவென்று முட்டைபோல இருந்தது. ஊரில் திருவிழா வேலை மும்முரமாகி, பெண்கள் வருவது நின்ற பிறகு, ஒரு நாள் காலையில் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, திரை கட்டச் சொன்னார்.

“அண்ணாச்சி, ஒரு கண்ணாடி வேணும். தெறந்ததும் மொதப் பார்வை கண்ணாடிலதான் விழணும். ஆளு மேல விழப்படாது.”

வீட்டுக்குப் போய் முகம் மழிக்கிற கண்ணாடியைக் கொண்டுவந்தேன். அதைத் துடைத்துத் திரைக்குக் கீழாக உள்ளே நீட்டினேன். போர்டுக்காரர்கூடப் பிரஷைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். கச்சான் படுதாவை உதறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“பாத்துட்டாவ” என்றார்.

திரையை விலக்கினோம். அகன்ற, தெளிவான, நேராகப் பார்க்கும் கண்கள். பாவை கருகருவென்று இருந்தது. அதில் வெள்ளைப் புள்ளியாக ஓர் ஒளி. நான் பார்த்ததிலேயே அவர் எழுதிய ஆக நல்ல கண்கள் அவைதான்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வேன் வந்தது. கொட்டும் வந்தது. பெரியவர் கும்பிட்டபடி உள்ளே வந்து, “அடேயப்பா, புதுசு மாதிரில்லா இருக்கு” என்றார். பேனர்க்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தூணோரம் நின்றார். அந்தப் பெண் முன்னால் போய் முழங்கால் போட்டாள். நெற்றியில் சிலுவை போட்டு, அண்ணாந்தாள். அப்படியே இருந்தாள். பிறகு முழங்காலாலேயே கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்து, அன்று வேலைக்கு வராத போட்டோக்காரரின் மேஜைக் காலில் முதுகு இடித்ததும் நின்றாள். எழுந்தாள். எழுந்து நின்றபோதுதான் அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன.

“இது எங்கம்மா இல்ல” என்றாள்.

கொட்டுக்காரன் கையை எடுத்துவிட்டான்.

“என்னளா சொல்லுத?” என்றார் பெரியவர்.

“எங்கம்மா கீழ பாப்பாவ. நாம முட்டங்கால்ல நின்னா நம்ம மூஞ்சியத்தான் பாப்பாவ. எம்மவன் கடல்ல போனப்ப நான் எப்படிக் கெடந்தேன்? தரையில கெடந்தேன். அப்பவும் என்னத்தான் பாத்தாவ. இந்தக் கண்ணு நிக்கிறவனப் பாக்கு. எந்திரிக்க முடியாம விழுந்து கெடக்கவள யாரு பாப்பா?”

பெரியவர் முழங்கால் போட்டுப் பார்த்தார். அவர் எழுந்திருக்க நேரமாயிற்று.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மரத்தில் செதுக்கியதே பாதி மூடிய இமைதான். முட்டைபோல இருந்தது கண் அல்ல, தாழ்ந்த இமை. பேனர்க்காரர் அந்த இமையின் மேல் கண்ணை எழுதியிருந்தார்.

“தெறந்து குடுங்கன்னுதான சொன்னீங்க?” என்றார் பேனர்க்காரர்.

“புகையத் தொடச்சுக் கண்ணு தெரியும்படியாக் குடுங்கன்னு சொன்னேன்யா.”

“தெறந்துன்னு சொன்னீங்க.”

“ஆமா, சொன்னேன்.”

இரண்டு பேரும் சொன்னது சரிதான். நானும் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கும் அப்போது ஒன்றும் தவறாகப் படவில்லை.

“இமைய எறக்கிருங்க” என்றார் பெரியவர். “பாதிக் கண்ணுக்குத் தோல் வர்ணம் பூசினா முடிஞ்சுது. காயாட்டாலும் செரி, வழியில காத்துல காஞ்சுரும்.”

பேனர்க்காரர் தூரிகையை எடுத்தார். தோல் வர்ணத்தைக் குழைத்தார். மாதாவுக்கு முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார். தூக்கிய கை அங்கேயே நின்றது. தூரிகை நுனியில் சேர்ந்த பெயிண்ட் தரையில் பாதி அழிந்துகிடந்த என் கோட்டின் மேல் சொட்டியது.

“என்னால ஏலாது” என்றார். “தெறந்த கண்ண மூடப்படாது. நான் தெறந்தது. நானே எப்படி மூடுவேன்?”

“அப்ப நீரு மூடும்” என்று பெரியவர் போர்டுக்காரரிடம் திரும்பினார். “ஒமக்குத்தான் இதுல நம்பிக்கை ஒண்ணும் கெடயாதே.”

போர்டுக்காரர் கையிலிருந்த பிரஷை வாளியில் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்கு எழுத்துதான் வரும். இவரு அன்னைக்கு அழுததப் பாத்தேன். நான் தொட மாட்டேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குடோன் என்னுடையது. “அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் பெரியவர். தூணில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். வாளிக்கும் டின்னுக்கும் பீடிக்கும் அதில் இடம் இருந்தது. பூசச் சொன்னால் பேனர்க்காரரின் கையைப் பிடித்து முறுக்குவதுபோல. வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணைத் தரையிலேயே கிட என்று சொல்வதுபோல. நான் வாயைத் திறந்தேன். “காபி சாப்பிடுதீங்களா?” என்றுதான் வந்தது.

யாரும் சாப்பிடவில்லை. அந்தப் பெண் பட்டுச்சேலையை மாதாவுக்கு முக்காடாகப் போட்டு, நெற்றி வரை, பிறகு கண் வரை இழுத்துவிட்டாள். வந்தபோது போலவே மடியில் சாய்த்துக்கொண்டாள். வேன் போனது. கொட்டு அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பேனர்க்காரர் பேனரை எழுதினார், கண்ணை எழுதவில்லை. உதடு, மூக்கு, சுருட்டை முடி எல்லாம் முடித்துவிட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். போட்டோக்காரருக்கு உயரம் ஆகாது. போர்டுக்காரர்தான் ஏணியில் ஏறி எழுதுவார். அவருக்கு வந்ததென்னவோ எழுத்துதான். கதாநாயகியின் கண்கள் இரண்டும் போர்டில் எழுதிய ‘ல’ மாதிரியே இருந்தன. தியேட்டர்க்காரர் வந்து சத்தம் போட்டார்: “என்னவே, கதாநாயகி பள்ளிக்கூடத்து வாத்திச்சி மாதிரி இருக்கா.” நான் பேனர்க்காரரிடம் பேசிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் கோபப்பட்டும் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

மழை முடிந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிய பிறகு, நான் மட்டும் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். கோயிலில் யாரும் இல்லை. பீடத்தின் மேல் மாதா நின்றார்கள். கண்ணை யாரும் தொடவில்லை. ஆனால் நிற்கிற விதம் மாறியிருந்தது. சுரூபத்தின் அடியில், பின்பக்கம், வள்ளத்துப் பலகையில் வெட்டிய ஓர் ஆப்பைச் செருகியிருந்தார்கள். மாதா முன்பக்கமாகச் சாய்ந்து, விழப்போகிறவர்களைப்போல நின்றார்கள். விழாதபடி இடுப்பில் ஒரு கயிறு கட்டி, பின்சுவரில் அடித்த கொக்கியில் இழுத்துப் பிணைத்திருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு நானும் முழங்கால் போட்டேன். அகன்ற அந்தக் கண்கள் என் முகத்துக்கே வந்தன.

குடோனுக்குத் திரும்பி வந்து பேனர்க்காரரிடம் சொன்னேன். கீழே பார்க்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு இனி குறையிருக்காது என்றேன். சொன்னால் மனம் லேசாகும், தூரிகையை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஆப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணைப் பற்றியும் கேட்கவில்லை.

“கயிறு தாங்குமா அண்ணாச்சி?” என்றார்.

“வள்ளம் கட்டுற கயிறுல்லா. தாங்கும்” என்றேன்.

மறுநாள் காலையில் நான் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு முகம், கண் இல்லாமல், காய்ந்துகொண்டிருந்தது. தாங்கும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். உப்புக்காற்றில் கயிறு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்.