ஐந்து நட்சத்திரமும் ஒரு வசவும்

காலையில் சென்னையிலிருந்து தீபிகா பதறிப்போய் அழைத்தார். கடலில் கிடக்கும் அறுந்த வலைகளை அள்ளும் எங்கள் டிரஸ்ட்டின் இணையப் பக்கங்களைக் கவனிப்பவர் அவர்தான்.

"சார், கூகுள்ல யாரோ அசிங்கமா திட்டியிருக்காங்க. இன்னைக்குத்தானே அந்த கம்பெனி நமக்குப் படகு தர்றதைப் பத்தி முடிவு பண்றாங்க? புகார் கொடுத்து எடுத்துடலாமா?"

திறந்து பார்த்தேன்.

"சவத்து மூதிகள். சொன்னா கேக்கவே மாட்டானுவ."

கூடவே ஐந்து நட்சத்திரம்.

எழுதியவர் எங்கள் பையன்கள் வலை அள்ளும் தருவைகுளம் கடற்கரையின் டீக்கடை அண்ணாச்சி. உடனே அழைத்தேன்.

"ஆமா, நாந்தான் போட்டேன். வேகாத வெயில்ல வலைய அள்ளிட்டு வாரானுவ. டீ குடிச்சிட்டுப் போங்கலேன்னா, கேக்காம அடுத்த வலைக்கு ஓடுதானுவ. வேற எப்படி எழுத?"

"வெளியூர்க்காரங்களுக்குப் புரியலை அண்ணாச்சி. கொஞ்சம் விளக்கமா போடுங்களேன்."

பத்தே நிமிடத்தில் போட்டுவிட்டார்.

"ஆசையாத்தான் சொன்னேன். இவனுவள வேற எவனும் சொன்னா மண்டைய ஒடைச்சிருவேன்."

தீபிகா மறுபடி அழைத்தார். "சார், இப்போ மிரட்டலும் சேர்ந்திடுச்சு."

எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மதியம் வரை அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குக் கம்பெனி மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. அவருக்குச் சொந்த ஊர் எங்கள் பக்கத்துச் சாத்தான்குளமாம்.

"ரிவ்யூ பார்த்தேன். படகு உறுதி. சவத்து மூதிகள்ட்ட சொல்லிருங்க."

உங்கள் ஊரில் பாசம் பொங்கினால் எப்படித் திட்டுவார்கள்? கமெண்டில் எழுதுங்கள். தீபிகா பட்டியல் கேட்கிறார்.