வெல்ல மண்டியில் ஒரு மைசூர்ச் சீட்டு

பழங்காசு சேர்க்கும் அண்ணன் ஒருவர் மதுரை சிம்மக்கல்லில் வெல்ல மண்டி வைத்திருந்தார். ஒல்லி உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. பழங்காசு எதையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் காட்டமாட்டார்.

நாயக்கர் காலத்து மதுரைக் காசு ஒன்றை, அசல்தான் என்று தரச்சான்று வாங்க வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து வந்தது. உள்ளிருந்த சீட்டில் மதுரைக்குப் பதிலாக ‘மைசூர்’ என்று தவறாக அச்சடித்திருந்தார்கள்.

“திருப்பி அனுப்புங்கண்ணே, மாத்தித் தருவாங்க. பெட்டிய உடைச்சா விலை போகாது” என்றேன்.

“மறுபடி அம்புட்டு தூரமா? பாவம், இப்பத்தான ஊர் வந்து சேர்ந்திருக்கு.”

வெல்லம் உடைக்கிற சுத்தியலால் பெட்டியின் ஓரத்தில் ஒரு போடு போட்டார். காசைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டார். சீட்டை மட்டும் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார்.

“அது எதுக்குண்ணே?”

“நல்ல மைசூர்க் காசு ஒண்ணு மாட்டாமலா போகும்?”

இன்றும் எங்காவது மைசூர்க் காசைப் பார்த்தால், இதற்கான சீட்டு சிம்மக்கல்லில் காத்திருக்கிறதே என்றுதான் தோன்றுகிறது.