பூமாலை பூசிய வெள்ளிக் கம்பி

அரியலூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் பூமாலை உதவியாளராகச் சேர்ந்தபோது, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதுதான் அவளுக்கு இட்ட வேலை. எட்டாவது வரை படித்தவள். செந்துறைப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பம். கல்லூரிக்கு வருமுன் ஆறு வருஷம் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பிழைத்தாள்.

அங்கே நடராசன் என்ற விரிவுரையாளர் ஒரு வெள்ளிக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அயோடைடு கரைசலில் கம்பியை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால் மஞ்சளாக ஒரு பூச்சு படியும். பூச்சு ஏறிய கம்பியைப் பயிரின் சாற்றில் நனைத்தால், அதில் சயனைடு விஷம் எவ்வளவு என்று மீட்டர் முள் காட்டிவிடும். ஆனால் பூச்சு நிற்கவில்லை. இரண்டு முறை நனைத்ததும் செதில் செதிலாக உரிந்தது.

பார்த்துக்கொண்டே இருந்த பூமாலை ஒருநாள் வாய் திறந்தாள். "சார், ரொம்ப வேகமா ஏத்துறீங்க. சுண்ணாம்பக் கெட்டியா ஒரே பூச்சா அடிச்சா செவுத்துலயே நிக்காது. மெல்லிசா நாலு தடவ அடிக்கணும்."

நடராசன் சிரிக்கவில்லை. "நீங்களே செஞ்சு பாருங்களேன்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவள் கம்பியைத் திருநீறு போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மின்சாரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். பூச்சு ஏற மத்தியானம் முழுக்கப் பிடித்தது. அந்தக் கம்பி நாற்பது முறை நனைத்த பிறகும் உரியவில்லை. அன்றிலிருந்து பூச்சு வேலை அவளுடையதானது.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. ஆடியில் ஒரே ஒரு மழை பெய்ததும், வாடிக் கிடந்த சோளமெல்லாம் பச்சைப்பசேலென்று குருத்து விட்டது. அந்த வாரம் அவளுடைய தம்பி உத்திராபதி வேலை செய்த பண்ணையில் இரண்டு காளைகள் நுரை தள்ளிச் செத்தன. முதல்நாள்தான் பண்ணைக்காரர் குழந்தைவேலுக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. அவன்தான் விஷம் வைத்தான் என்று ஊரே சொன்னது. பஞ்சாயத்துக் கூடும்வரை அவனைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சேதி கேட்ட பூமாலை, நடராசனிடம் சொல்லிவிட்டு, கம்பியையும் பேட்டரி மீட்டரையும் கூடையில் வைத்துப் பஸ் ஏறினாள். அவரும் உடன் வந்தார்.

"ஐயா, மாடு கடைசியா என்ன தின்னுச்சு?" என்று கேட்டாள்.

"கொல்லையில சோளக் குருத்து. சோளத்த ஊரு மாடெல்லாம் திங்குது" என்றார் குழந்தைவேல்.

எல்லாரும் பார்க்க, முதலில் தொட்டித் தண்ணீரில் கம்பியை விட்டாள். முள் அசையவில்லை. முற்றிய சோளத்தட்டையை அரைத்த சாற்றில் லேசாக ஆடி நின்றது. பிறகு காளைகள் மேய்ந்த குருத்தை அதே போல் அரைத்துச் சற்று ஊறவிட்டு நனைத்தாள். முள் சரசரவென்று ஓடிக் கோடியில் போய் நின்றது.

"வெயில்ல வாடிட்டு மழைக்குத் துளுக்குற குருத்துல தானாவே விஷம் ஊறுமுங்க" என்றாள். "யாரும் வெக்கல."

குழந்தைவேல் இன்னொரு கைப்பிடிக் குருத்தைத் தானே பறித்து வந்து தந்தார். முள் மறுபடியும் ஓடியது. அவர் முகம் தொங்கிப் போயிற்று. "போடா உத்திராபதி, வூட்டுக்குப் போ" என்றார்.

"அப்படி அனுப்பாதீங்கய்யா" என்றாள் பூமாலை. "அவன் மேல தப்பு இல்லன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

குழந்தைவேல் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "அவன் மேல தப்பு இல்ல. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று உரக்கச் சொன்னார். உத்திராபதி எழுந்து வந்து அக்காவின் கூடையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஆண்டு நடராசனின் ஆய்வுக் கட்டுரை அச்சானது. அவர் பெயரை அடுத்து அவள் பெயர் இருந்தது. அதன்பின் வறண்ட ஆண்டுகளில், ஈரத்துணியில் சோளக்குருத்தைச் சுற்றிக்கொண்டு விவசாயிகள் கல்லூரி வாசலில் வந்து நின்றார்கள். வாட்ச்மேனிடம் அவர்கள் பேராசிரியரைக் கேட்பதில்லை. "கம்பிக்காரம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள்.